கடல் தாண்டியவர்களின் முறை

8 ஜூன் 2025

அன்புள்ள பிளாரன்ஸ் மைனிக்கு,

உங்கள் தம்பியும் நானும் உயிரோடும் உடம்போடும் வழக்கமான சண்டையோடும் இருக்கிறோம். மார்ச் புயலில் சாய்ந்த டவரை இன்னும் நிமிர்த்தவில்லை. அதனால் இந்தத் தீவில் போன் என்ற பேச்சே இல்லை. அக்கரைக்குப் போகும் படகில் கடிதத்தைக் கொடுத்துவிட்டால் அங்கே இருக்கும் பாதிரியார் தபாலில் சேர்ப்பார். உங்கள் கைக்கு வர ஒரு மாதம் ஆகும்.

ஓய்வு பெற்ற நர்ஸும் ஓய்வு பெற்ற போட் மெக்கானிக்கும் மொசாம்பிக்கில் போய் என்ன ஊழியம் செய்து கிழிக்கப் போகிறார்கள் என்று கேட்டீர்களே, கேளுங்கள். விடியும்போது தண்ணீருக்கு வரிசை. பிறகு கோயில் வராந்தாவில் நான் கைக்குழந்தைகளுக்கு எடை பார்க்கிறேன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன். இவர் வீட்டு வாசலில் நிற்கிற முந்திரி மரத்தடியில் மீன்காரர்களின் என்ஜின்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, ஸ்பார்க் பிளக்கைத் துடைத்தபடியே ஞானோபதேசம் சொல்கிறார். இவரை எல்லோரும் ‘மெஸ்த்ரே’ என்கிறார்கள். நம் மேஸ்திரிதான். இங்கே சாவிக்குச் சாவி, ஜன்னலுக்கு ஜனேலா, மேஜைக்கு மேஸா. “நம்ம ஊர்ப் பாஷையை எவனோ இங்கன கொண்டாந்து வித்துட்டுப் போயிருக்காம்ளா” என்று பூரித்துப் போகிறார். அதற்கு மேல் போர்த்துக்கீசியம் ஏறவில்லை. மீதியைக் கையால் பேசுகிறார்.

பகல் சாப்பாட்டுக்கு மக்காச்சோளக் களி. அதற்கு உங்கள் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, “இதுக்கு எங்க அக்கா கருவாட்டுக் குழம்பு இருந்தா” என்று ஆரம்பிப்பார். நான் தட்டைப் பிடுங்குவேன். இப்படிப் போகிறது ஊழியம்.

சாயங்காலம் ஜெபமாலை தவறுவதில்லை. ஐந்து பத்து மணிகளில் அவருக்கு இரண்டு பத்து, எனக்கு இரண்டு பத்து, உங்களுக்கு ஒரு பத்து. நம் வீட்டு வழக்கப்படி உங்கள் முறை வந்ததும் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் பாதிக்கு மௌனமாக இருந்து, பதிலை மட்டும் நாங்கள் சொல்கிறோம். நான் அவசரப்பட்டு வாயைத் திறந்தால் கையைப் பிடித்துக்கொள்கிறார். “பொறுளா. எங்க அக்கா இழைச்சு இழைச்சுச் சொல்ல வேண்டாமா? இப்பதான் பாதி வந்திருக்கா.”

உங்கள் ஆஸ்துமா இழைப்பு எப்படி இருக்கிறது? மருந்துப் பம்பை வேளாவேளைக்கு அடிக்கிறீர்களா? இவருக்கும் மூச்சு பழையபடி இல்லை. மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ சொன்னால் நின்று, மூச்சு வாங்கி, ஒரு இருமல் இருமித்தான் அடுத்த மணிக்குப் போகிறார். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

அன்புடன்,
மெட்டில்டா

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி, 10 ஜூலை 2025

ஏளா மெட்டில்டா,

கடிதம் வந்தது. மருமகள் ரீனா, “குடுங்க மாமி, வாசிச்சுக் காட்டுதேன்” என்று கையை நீட்டினாள். நான் கன்னியர் மடத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு பாஸானவள், அந்தக் காலத்து அஞ்சு என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். இரண்டு தடவை வாசித்தேன். தம்பி பேசுவதுபோலவே எழுதியிருக்கிறாய். அதற்காகக் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே.

இந்தத் தூத்துக்குடியில் புண்ணுக்குக் கட்டுப் போட ஆள் தேவையில்லையா? சாமிக்கு ஊழியம் செய்யக் கடல் தாண்டித்தான் போக வேண்டுமா? சொன்னால் என் தம்பி சிரிக்கிறான், நீ தலையைக் குனிந்துகொள்கிறாய். ஆனால் பனிமய மாதா முன்னால் நின்று நீ எனக்குக் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. ரெண்டு பேராகப் போகிறவர்கள் ரெண்டு பேராகத் திரும்பி வர வேண்டும். அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்.

இங்கே ஆலைச் சாம்பல் காற்றோடு வந்து கொடியில் கிடக்கிற துணியெல்லாம் கறுக்கிறது. என் நெஞ்சும் அப்படித்தான் இருக்கும். பம்பு அடிக்கிறேன். பேத்தி ஏஞ்சலின் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதல். என் தம்பி ரோச்சைப்போல என்ஜின் படிப்பாளாம், ஆனால் கப்பல் என்ஜின். தெருவில் ஒரு வீடு பாக்கி இல்லாமல் சொல்லிவிட்டேன். மஸ்கட்டில் இருக்கிற என் மகன் டெரன்ஸ், “யம்மா, போதும், எனக்கே வெக்கமா இருக்கு” என்கிறான். எனக்கு இல்லை.

தம்பியின் முறை இங்கே பத்திரமாக இருக்கிறது. அவன் ஜெபமாலையை மாதா சுரூபத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். முறை வந்ததும் எடுத்து அவன் நாற்காலியில் வைப்பேன். முந்தாநாள் ரீனா கேட்டாள், “யாருமே சொல்லாததுக்கு நாம எதுக்கு மாமி பதில் சொல்லணும்? நானே சொல்லிருதேனே.” எனக்கு வந்ததே ஆத்திரம். “ஏளா, வாயைக் கழுவு. கடலுக்குப் போனவன் முறையை வேற ஆள் சொன்னா அவன் செத்துட்டான்னு அர்த்தம்” என்றேன். அவள் கடல் தெரியாத உள்நாட்டுக்காரி, அவளுக்கு என்ன தெரியும். ஆள் போய்விட்டான் என்று சேதி வந்தால், வீட்டின் மூத்த பெண் அவன் முறையைத் தன் வாயால் சொல்லி முடித்து வைக்க வேண்டும். அதுவரை அது அவனுடையது. அப்பாவுடைய முறையை அம்மா முடித்தது இப்படித்தான், நான் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன்.

மாதா கோயில் கொடியேற்றம் வருகிறது. மக்ரூன் அனுப்பியிருக்கிறேன். வழியில் நொறுங்கினால் என்னைத் திட்டாதே.

பிளாரன்ஸ்

*

14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மைனி,

மக்ரூன் வந்தது. பாதி தூள். இவருக்குத் தூள்தான் பிடிக்கும், உங்களுக்குத் தெரியுமே.

இவர் நன்றாக இருக்கிறார். தொண்டை சரியில்லாததால் அதிகம் பேசுவதில்லை. சாப்பாட்டில் குறை சொல்வதையும் விட்டுவிட்டார். என்ஜின் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார். நாள் முழுக்க முந்திரி மரத்தடியில்தான் இருக்கிறார். வெயில் ஏறினாலும் உள்ளே வருவதில்லை. ஜன்னலைத் திறந்தால் எனக்குத் தெரிகிறது. அவர் சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். காற்று அடிக்கும்போது கை அசைகிறது.

பாதிரியார் என்னை அக்கரைக்கு வந்து கன்னியர்களோடு இருக்கச் சொல்கிறார். நான் ஏன் போக வேண்டும்? பக்கத்து வீட்டு அமீனா தினமும் வருகிறாள். இங்கத்திய பெண்கள் சாயங்காலம் முகத்தில் வெள்ளைச் சாந்து பூசிக்கொள்கிறார்கள். மங்கலான வெளிச்சத்தில் முகம் மட்டும் தனியாக வருவதுபோல் இருக்கும். இப்போது பழகிவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவர் முறையை விடாமல் வைத்திருங்கள். ரீனா என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

மெட்டில்டா

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி, 16 செப்டம்பர் 2025

ஏளா மெட்டில்டா,

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். தம்பி பேசுகிறான்.

முதலில் அவன் நாற்காலியில் வைத்த மணிகள் அசைந்தன. மின்விசிறிக் காற்று என்று நினைத்து விசிறியை நிறுத்தச் சொன்னேன். அப்போதும் ஒவ்வொரு மணியாக நகர்ந்தது. அப்புறம் டீசல் வாடை. ரீனா அடுப்பைப் போய்ப் பார்த்தாள். மாதா பிறந்த நாளன்று நாங்கள் மௌனமாக இருந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்குக் காது அவ்வளவாகக் கேட்காது, அதனால் நம்பவில்லை. ஆனால் ஏஞ்சலின் தலையைத் திருப்பி, “அப்பாச்சி, யாரு இவ்வளவு வேகமாச் சொல்லுதது?” என்று கேட்டாள். ரீனாவுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

இப்போது தெளிவாகக் கேட்கிறது. சின்ன வயதிலிருந்து ‘ஆண்டவர் உம்முடனே’யை விழுங்கிவிடுவான் இல்லையா, அதேபோல. எனக்குப் பயமே இல்லை. தூக்கி வளர்த்த குரலைக் கேட்டு யாராவது பயப்படுவார்களா? சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன். அங்கே அவன் சொல்லுகிற நேரமும் இங்கே நாங்கள் சொல்லுகிற நேரமும் ஒத்துப்போகிறதோ என்னவோ. நம் அம்மாவின் மன்றாட்டு என்றுதான் நினைக்கிறேன்.

அவனிடம் சொல். சொல்லிவிட்டு, அவன் கையாலேயே எனக்கு ஒரு வரி எழுதச் சொல். “ஏ கிழவி” என்று எழுதினாலும் போதும். இரண்டு கடிதமாக நீதான் எழுதுகிறாய், அவன் ஓரத்தில் ஒரு கோடுகூடப் போடவில்லை.

பிளாரன்ஸ்

*

12 அக்டோபர் 2025

மைனி,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. அமீனா வந்து உலுக்கினாள்.

என்ன சொல்கிறார்? ஜெபத்தைத் தவிர வேறு ஏதாவது சொல்கிறாரா? என் பேரைச் சொன்னாரா? குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள். வேறு யாரிடமும் சொல்லாதீர்கள், பங்குச் சாமியாரிடமும் சொல்லாதீர்கள்.

இங்கே என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நானும் தினமும் சாயங்காலம் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் வருகிறவருக்கு என்னிடம் வரத் தெரியவில்லை. நாற்பது வருஷம் சமைத்துப் போட்டவள் நான்.

அவர் கையில் அடி. எழுத முடியாது.

மெட்டில்டா

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி, 9 நவம்பர் 2025

மெட்டில்டா,

கல்லறைத் திருநாள் முடிந்தது. அம்மா அப்பா கல்லறைக்கு வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தோம். பக்கத்தில் உங்களுக்கென்று விட்டிருக்கிற இடத்தில் யாரோ ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்திருந்தார்கள். நான் இல்லை, ரீனா இல்லை. அணைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பி முறையில் நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டு, காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் சந்தோஷத்தில் கவனிக்கவில்லை.

அவன் மூச்சு வாங்கவில்லை.

மூன்றுக்கு ஒரு தடவை நிற்கிறவன், இருமுகிறவன், முதல் மணியிலிருந்து பத்தாவது மணி வரைக்கும் ஒரே இழுவையாகப் போகிறான். நடுவில் ஒரு இடத்திலும் காற்று உள்ளே போகிற சத்தம் இல்லை. உயிரோடு இருக்கிறவன் மூச்சு எடுப்பான்ளா. நான் இழைப்புக்காரி, எனக்குத் தெரியாதா மூச்சைப்பற்றி.

அம்மா ஒன்று சொல்வாள். முறையை முடித்து வைக்காமல் விட்டால், போனவன் தன் முறையைத் தானே வந்து சொல்லுவான் என்று. பிள்ளைகளை மிரட்டச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தோம்.

உன் கடிதங்களை எடுத்து மறுபடி வாசித்தேன். பேசுவதில்லை, சாப்பாட்டில் குறை சொல்வதில்லை, மரத்தடியை விட்டு வருவதில்லை. அஞ்சாம் வகுப்புக்காரிக்கு இது போதும். என் தம்பியை எங்கே வைத்திருக்கிறாய், சொல்லிவிடு.

பிளாரன்ஸ்

*

4 டிசம்பர் 2025

மைனிக்கு,

ஜூலை மாதம் காய்ச்சல் வந்தது. மாத்திரை கொடுத்தேன், ஊசி போட்டேன். நான் நர்ஸ், எத்தனையோ காய்ச்சல் பார்த்தவள். அக்கரைக்குக் கொண்டுபோகப் படகைக் கேட்டோம். அவர் பிரித்துப் போட்டிருந்த என்ஜின்தான் அந்தப் படகினுடையது. வேறு படகு வருவதற்குள் முடிந்துவிட்டது. கடைசியில், “தண்ணி குடுளா” என்றார். கொண்டு வந்தபோது குடிக்கவில்லை.

இந்த வெயிலில் உடம்பை வைத்திருக்க முடியாது. மறுநாளே முந்திரி மரத்தடியில் அடக்கம் செய்தோம். தீவே வந்திருந்தது. வேற்று மதத்துக்காரர்கள், அவர்கள்தான் குழி வெட்டினார்கள். குடும்பத்துக்கு நானே எழுதிக்கொள்கிறேன் என்று பாதிரியாரிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நம்பினார்.

எழுத உட்கார்ந்தேன், மைனி. உங்களுக்கு வாக்குக் கொடுத்தது உண்மை, அதைக் காப்பாற்றவில்லை என்ற பயமும் உண்மை. அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. இந்த வீட்டில் நான்தான் ஒரே பெண். அதனால் அடக்கத்தன்று அவர் முறையை என் வாயால் சொல்லி முடித்துவிட்டேன். அன்று சாயங்காலத்திலிருந்து இந்த வீட்டில் அவருக்கு இடம் இல்லை. அப்போதுதான் நினைப்பு வந்தது, உங்கள் வீட்டில் இன்னும் ஒரு நாற்காலி இருக்கிறதே, நான் எழுதாத வரைக்கும் அது இருக்குமே என்று. அதனால்தான் எழுதவில்லை. இப்படி வருவார் என்று எனக்குத் தெரியாது.

திட்டுங்கள். ஆனால் முடித்துவிடாதீர்கள். பிப்ரவரியில் அக்கரையிலிருந்து விமானத்துக்கு ஏற்பாடு செய்து தருவதாகப் பாதிரியார் சொல்லியிருக்கிறார். நான் வந்து ஒரு சாயங்காலம் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடுகிறேன். தண்ணீர் கொண்டு வந்தேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தாலும் சரி.

மெட்டில்டா

*

சேசு மரி சூசை

தூத்துக்குடி, 30 டிசம்பர் 2025

என் மெட்டில்டா,

உன்னைத் திட்டக் கடுதாசியும் பேனாவும் எடுத்து வைத்தவள்தான். வரவில்லை. ஒற்றையாக அவனை மண்ணில் வைத்துவிட்டு, அவன் சட்டையைத் துவைத்துக்கொண்டு இருந்திருக்கிறாய். உன் தலையில் கை வைக்க எனக்குக் கை நீளம் போதவில்லை.

ஆனால் நீ கேட்டதைச் செய்ய முடியவில்லை, அம்மா. உன் பதிலுக்குக் காத்திருந்துதான் பார்த்தேன். உன் கடிதம் வருவதற்குள் அவன் பத்தோடு நிறுத்துவதை விட்டுவிட்டான். அவன் முறை முடிந்து ஏஞ்சலின் முறையிலும் அவனே சொல்கிறான். அதற்கப்புறம் என் முறையிலும். “ஓடுத என்ஜினை அணைக்காமப் போனா அது தன்னையே தின்னுரும்” என்று அவனே சொல்வானே, அப்படி. நாங்கள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பிக்கிறான். மூச்சுவிட இடம் தருவதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஏஞ்சலின் மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெப நேரம்கூட இல்லை. உதடு மட்டும் தானாகப் பதில் சொல்கிறது. கூப்பிட்டேன், திரும்பவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உதட்டோரம் நீலம் பாரித்திருக்கிறது. உலுக்கினதும் முக்குளித்து எழுந்தவள் மாதிரி ஒரு மூச்சு எடுத்தாள் பார். “என்ன அப்பாச்சி? ரோச் தாத்தா நிறுத்தவே இல்லை, நான் என்ன செய்ய?” என்றாள்.

தம்பி எனக்கு உயிர்தான். ஆனால் பேத்தியைக் கொடுக்க மாட்டேன்.

அன்று சாயங்காலமே அவன் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஜெபமாலையைக் கையில் எடுத்தேன், குளிர்ந்து கிடந்தது. அவன் ஆரம்பிக்குமுன் நான் ஆரம்பித்தேன். அவனும் கூடவே வந்தான். அவன் வேகத்துக்கு நான் போக வேண்டியிருந்தது, நின்றால் அவன் முந்திவிடுவான். இடையில் நான் மூச்சே எடுக்கவில்லை என்று ரீனா சொல்கிறாள். பத்தாவது மணியில் என் குரல் மட்டும் கேட்டது. “போயிட்டு வா ராசா” என்றேன். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் நெஞ்சில் எடுத்த மூச்சு இறங்கவில்லை. பம்புக்கு அடங்கவில்லை. மாடிக்கு ஏறுவதை விட்டுவிட்டேன். டாக்டர் படுக்கச் சொல்கிறார், நான் யார் சொல்லி என்றைக்குப் படுத்தேன்.

நீ வா. வாக்கு, கோபம் எதுவும் இப்போது இல்லை. ஒருத்தியாக வந்தாலும் வா. உனக்கு என் அறையில் இடம் போட்டிருக்கிறேன்.

உன்
பிளாரன்ஸ் மைனி

*

29 ஜனவரி 2026

அன்புள்ள மைனி,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வாசித்தபோது முதலில் உங்கள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு சாயங்காலம் பொறுத்திருக்கக்கூடாதா என்று மரத்தடியில் போய் உட்கார்ந்து அழுதேன். பிறகு ஏஞ்சலினின் உதட்டை நினைத்துக்கொண்டேன். நீங்கள் செய்தது சரி.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல. உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே நடந்த ஒன்றை எழுத வேண்டும். டவர் இல்லை, மழையில் படகும் ஒழுங்காக வரவில்லை. யாரிடமும் கேட்டுக்கொள்ள வழியில்லை.

அவர் போன பிறகும் இங்கே உங்கள் முறையை நான் விடவில்லை. முதல் பாதிக்கு மௌனமாக இருந்துவிட்டுப் பதில் சொல்வேன். “பொறுளா, எங்க அக்கா சொல்லி முடிக்கட்டும்” என்று அவர் கையைப் பிடிப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு நாள் அப்படி மௌனமாக இருந்தபோது, வெளியே அமீனா தானியம் குத்துவதை நிறுத்திவிட்டு ஜன்னலில் வந்து நின்றாள். முகத்தில் வெள்ளைச் சாந்து. “மெஸ்த்ரேயின் அக்கா வந்திருக்கிறார்களா?” என்று கேட்டாள். ஏன் கேட்கிறாய் என்றேன். “உள்ளே ஒரு வயதான அம்மா பேசுகிறார்களே” என்றாள். அதற்குப் பிறகுதான் எனக்கும் கேட்டது.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, மைனி. அதே அதட்டல். அதே ‘மரியே’யில் அதே அழுத்தம். இத்தனை மாதத்தில் இந்த வீட்டில் தமிழ் பேசிய முதல் குரல். நான் அழுதுகொண்டே பதில் சொன்னேன். மறுநாள் காலையிலிருந்தே சாயங்காலம் ஆகட்டும் என்று காத்திருந்தேன்.

நேற்று உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு பத்து முழுவதும் கேட்டேன்.

உங்கள் குரலில் இழைப்பு இல்லை.

இனி இந்தக் கடிதத்தை அங்கே யார் பிரிப்பார்கள் என்று தெரியவில்லை. ரீனாவாக இருக்கும். ரீனா, உங்கள் மாமி கொடுத்த இடத்தில் வந்து இருக்க எனக்கு ஆசைதான். பாதிரியார் பிப்ரவரிக்கு டிக்கெட் வைத்திருக்கிறார். ஆனால் அதற்கு முன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. இந்த வீட்டில் மூத்த பெண் நான்தான், வேறு யாரும் இல்லை. மைனியின் முறையை என் வாயால் முடித்து வைக்க வேண்டும். வழக்கம் எனக்குத் தெரியும். என்ன ஆகும் என்பதும் இப்போது தெரியும்.

இன்றைக்கு ஒரு சாயங்காலம் மட்டும் பதில் சொல்லிவிட்டு, நாளைக்கு முடித்துவிடுகிறேன், மைனி. நேற்று எழுதிக் கிழித்த கடிதத்திலும் இதையேதான் எழுதியிருந்தேன்.

விளக்கேற்றும் நேரம் ஆகிறது. நான் இன்னும் முழங்காலில்கூட நிற்கவில்லை, நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள். நேற்றுப் பத்து முடிந்தும் நீங்கள் நிறுத்தவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

மெட்டில்டா